மூன்று படங்களும் ஒரு பழியும்

2019ஆம் ஆண்டில் நம் வட்டத்தின் ஆண்டு விழா நடைபெற்ற அரங்கில், வாயிலுக்கு எதிர்ச்சுவரில் மூன்று புகைப்படங்கள் மாட்டப்பட்டிருந்ததை உறுப்பினர் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். ஒரே அளவினவாய், கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பெற்ற படங்கள் அவை. இடப்புறத்தில், முறுக்கிய கொம்புகளோடு தலைநிமிர்ந்து நிற்கும் ஆண் வெளிமான். நடுவில், கோரைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் குள்ளநரி. வலப்புறத்தில், ஓர் உயிரும் தென்படாத புல்வெளி. மூன்றும் கோடிக்கரைச் சரணாலயத்தில் எடுக்கப்பட்டவை. எடுத்தவர் என்னிடம் பயின்ற மாணவர். அவற்றை அவ்வரிசையில், நான்கு விரற்கடை இடைவெளி விட்டு மாட்டியவள் நான். அன்று மாலை நிகழ்ந்த கவியரங்கில் அப்படங்களைப் பற்றிக் கவிஞர் எழுவர் பாடினர். எழுவரும் மானுக்காக இரங்கினர். எழுவரும் நரியைக் கொலைஞன் என்றனர். ஒருவர் நரியிடத்தில் அரசியலைக் கண்டார். மற்றொருவர் காலத்தைக் கண்டார். கைதட்டலுக்குக் குறைவில்லை.

வேலை முடிந்து பிந்தி வந்த மாணவர் பின்வரிசையில் அமர்ந்து கடைசி இரண்டு கவிதைகளைக் கேட்டார். கூட்டம் கலைந்த பின் என்னருகே வந்து, "அம்மா, அந்த நரி அன்றைக்கு நண்டு பிடித்துக்கொண்டிருந்தது" என்றார். நரியின் படம் 2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் எடுத்தது. மானின் படம் 2018 சனவரியில் எடுத்தது. வெறும் புல்வெளியோ 2018 டிசம்பரில், கஜா புயலுக்குப் பின் எடுத்தது. "மானும் நரியும் ஒன்றையொன்று பார்த்தேயிராது அம்மா" என்று அவர் சொல்லி முடித்தபோது எனக்கு மறுமொழி எழவில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த அப்புயல் கோடிக்கரைக் காட்டின் மரங்களைச் சாய்த்தது; வெளிமான் உள்ளிட்ட விலங்குகள் மாண்டன. அந்த இரவைக் காரைக்காலில் விழித்திருந்து கழித்தவர்கள்தாம் அக்கவியரங்கில் பாடியவர்கள். புயல் வெறுமையாக்கிய நிலம் கண்ணெதிரே தொங்கியும், ஓராண்டு நிறைவதற்கு முன்பே புயலை மறந்து நரியைப் பிடித்துக்கொண்டோம்.

பிழை கவிஞர்களுடையதன்று; வரிசை வகுத்தவளுடையது. ஒரு படத்தை மட்டும் மாட்டியிருந்தால் நரி தப்பியிருக்கும். இரண்டை மாட்டியிருந்தாலும் ஐயத்தின் பயன் அதற்குக் கிட்டியிருக்கலாம். மூன்று என்றதும் முதல், நடு, முடிவு என்னும் ஒழுங்கு தானே வந்து அமர்ந்துவிட்டது. மூன்று படங்களை ஒன்றாக நிறுத்தும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, கானுயிர்ப் படத்துள் எவ்வாறு புகுந்தது என்பதை அந்த வெட்கத்தின் பிறகே தேடிப் படிக்கலானேன். அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

மூன்று பலகைகளைக் கீலால் இணைத்து ஒன்றாக்கிய படத்தை மேனாட்டார் திரிப்டிக் என்பர். மூன்றாய் மடிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். உரோமானியர் மெழுகு பூசிய எழுதுபலகைகள் மூன்றைக் கோத்து ஏடுபோல மடித்து வைத்தனர். எழுத்துக்கு உரிய பொருளே பின்னர் ஓவியத்துக்கு உரியதாயிற்று. நாம் இதனை முப்பலகை எனலாம். பிரெஞ்சு மொழியில் இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மோட்டார் வண்டியை எல்லை கடந்து சிலகாலம் வேற்று நாட்டுக்குக் கொண்டுபோகச் சுங்கத்தார் வழங்கிய மூன்று மடிப்புச் சீட்டுக்கும் 'திரிப்டிக்' என்றே பெயர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, சுங்கக் காவலைக் கடந்தே அடுத்த ஊருக்குப் போய்வந்த காரைக்காலில் பிறந்த எனக்கு, அகராதியில் அவ்வரியைக் கண்டபோது ஒரு புன்னகை வந்தது. ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஒழுங்காகக் கொண்டுசேர்க்கச் சான்று வேண்டும் என்பதைச் சுங்கத்தார் அறிந்திருந்தனர், நான் அறிந்திலேன்.

கிறித்தவ வழிபாட்டில் முப்பலகைக்கு நெடிய வரலாறு உண்டு. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஹார்பவீய் முப்பலகை, பத்தாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பைசாந்தியப் பேரரசில் யானைத் தந்தத்தில் செதுக்கப்பட்டது. நடுவில் அரியணையில் கிறித்து. இரு சிறகுகளிலும் தூயவர்கள். பயணத்தில் எடுத்துச் செல்லவும், மூடி வைக்கவும், வழிபாட்டு வேளையில் விரிக்கவும் ஏற்றது. பிற்காலத்து ஐரோப்பியக் கோயில்களின் பலிபீடங்களில் இவ்வடிவமே ஆள்உயரத்துக்கும் மேலாக வளர்ந்தது. நடுப்பலகை பெரிது, சிறகுகள் அதனை நோக்கித் திரும்பியிருக்கும். பார்வை எங்குத் தொடங்கினாலும் நடுவிலுள்ள தெய்வத்திடமே வந்து நிற்கும்படி அமைத்தார்கள்.

இவ்வமைப்பைத் தலைகீழாக்கியவர் எனப் போஷ் என்னும் நெதர்லாந்து ஓவியரைச் சொல்லலாம். 1490க்கும் 1510க்கும் இடைப்பட்ட காலத்தில் அவர் தீட்டிய 'மண்ணுலக இன்பங்களின் தோட்டம்' இன்று மத்ரித் நகரின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளது. இடப்பலகையில் ஏதேன் தோட்டம். அங்கே யானையும் ஒட்டகச்சிவிங்கியும் உலவுகின்றன, நீரூற்றின் பொந்தில் ஆந்தை ஒன்று அமர்ந்திருக்கிறது. நடுவில் மனிதரும் கனிகளும் பேருருவப் பறவைகளும் கலந்த களியாட்டம். வலப்பலகையில் நரகம். முப்பலகையில் கானுயிர்களைத் தேடும் நமக்கு இவ்வோவியம் ஒரு தொடக்கம். அதனினும் முக்கியமானது, இடமிருந்து வலமாக நகரும்போது பார்ப்பவர் மனத்தில் காலம் ஓடத் தொடங்குவது. இன்னது நடந்தது, ஆகவே இன்னது நேர்ந்தது என்னும் தீர்ப்பு கண் நகரும் விரைவிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. நம் அரங்கின் சுவரிலும் அதுவே நிகழ்ந்தது. மான் ஏதேனில் நின்றது. நரகம் வலப்பக்கத்தில் வந்தது. நடுவில் இருந்தமையால் நரி பாவமாயிற்று.

மூன்றை ஒன்றாக நிறுத்தும் கலை நமக்கு இறக்குமதிச் சரக்கன்று. முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றிக் குடைவித்த கோயில் அயன், அரன், அரி என்னும் மூவர்க்கானது. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி மண்டபத்துள் நுழைபவர், தாமே ஒரு முப்பலகைக்குள் நின்றுவிடுகிறார். இடக்கைச் சுவரில் அரவணையில் துயிலும் திருமால். வலக்கைச் சுவரில் அரிமாவின் மீதேறி எருமைத்தலை அசுரனோடு பொரும் கொற்றவை. எதிரே, நடுக்கருவறையின் பின்சுவரில் அம்மையும் அப்பனும் இளமுருகனும் அமைந்த சோமாஸ்கந்தம். ஒருபுறம் ஆழ்ந்த அமைதி, மறுபுறம் போரின் விரைவு, நடுவே இல்லறம். மூன்றுக்கும் இடையே கதைத் தொடர்ச்சி இல்லை. ஆயினும் அங்கே நிற்பவர், துயிலும் போரும் ஒன்றையொன்று எதிரொலிப்பதை உணராமல் திரும்புவதில்லை. சிற்பி காலவரிசையை நாடவில்லை. உணர்வுகளை எதிரெதிர் நிறுத்தினான். இம்மண்டபத்துக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற ஒவ்வொரு முறையும், இரு சுவர்களுக்கும் நடுவே ஓரிடத்தில் அவர்களை நிற்கச்சொல்லி, தலையை மட்டும் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். விளக்கவுரைக்குத் தேவை இருந்ததில்லை.

அதே ஊரில், அருச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கியது என்றும் இருவகையாகக் கூறப்படும் பெரும்பாறைச் சிற்பம் இன்னும் வியப்பானது. இரு பாறைகள், நடுவே இயற்கையாக அமைந்த பிளவு. யானைகளும் குட்டிகளும், பின்னங்குளம்பால் மூக்கைச் சொறியும் மானும், பொய்த்தவம் செய்யும் பூனையும், அதனைச் சுற்றி அஞ்சாது திரியும் எலிகளுமாக, கானுயிர்களை இவ்வளவு நுணுக்கமாகக் கண்ட கண்கள் பல்லவர் காலத்தில் இருந்தமைக்கு அப்பாறையே சான்று. பிளவை மறைக்கவோ அடைக்கவோ சிற்பிகள் முயலவில்லை. அப்பிளவிலேயே நாகர்களை நிறுத்தி, அதனை ஆறாக்கினர். இருபுறத்து உயிர்களும் நோக்குவது அந்த இடைவெளியைத்தான். இடைவெளியே நடுப்பலகையாக ஆகிவிட்ட முப்பலகை அது.

இந்த இடைவெளியின் ஆற்றலைச் சொற்கலையில் நம் முன்னோர் முன்பே வகுத்துவிட்டனர் என்பது தமிழ் பயின்றார்க்குப் புதிய செய்தி அன்று. முதல், கரு, உரி என மூன்றாகத் தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளைப் பகுக்கும். நிலமும் பொழுதும் முதல். மாவும் மரமும் புள்ளும் பிறவும் கரு. புணர்தல், பிரிதல் முதலான ஒழுக்கம் உரி. மூன்றையும் அருகருகே நிறுத்திவிட்டுக் கவிஞன் விலகிக்கொள்வான். ஒட்டும் பொறுப்பு கேட்பவருடையது. அவ்வாறு ஒட்டும்போது பிறப்பதே உள்ளுறை. இங்கே ஒன்று கருதத்தக்கது. உள்ளுறை உவமத்துக்கு நிலைக்களமாகக் கருப்பொருளைச் சொன்ன ஆசிரியர், அக்கருப்பொருளுள் தெய்வத்தை மட்டும் நீக்கிவிட்டார். மேனாட்டு முப்பலகை தெய்வத்தை நடுவில் வைத்துப் பொருளைத் திரட்டியது; தமிழ்க் கவிதை தெய்வத்தை ஒதுக்கி, நாரையிடமும் யானையிடமும் மீனிடமும் அப்பொறுப்பை ஒப்படைத்தது. கானுயிர்ப் படங்களை மூன்றாக நிறுத்துபவர், தாம் அறியாமலேயே இவ்விரண்டாம் மரபைச் சேர்ந்தவராகிறார் என்பது என் கருத்து.

ஆனால், இந்த மரபு விலங்கின் இயல்பைப் பொய்யாக்க இடம் தருவதில்லை. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் படைத்த குருகை நினைவுகூர்க. தலைவன் சூளுரைத்துக் கூடிய வேளையில் உடனிருந்தது தினைத்தாள் போன்ற கால்களையுடைய குருகு ஒன்றே. அதுவும் ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்து நின்றது. தலைவிக்கு அது சான்றாகுமா ஆகாதா என்னும் கலக்கமே பாட்டின் உயிர். கபிலர் அக்குருகைத் தலைவியின் பக்கம் திருப்பியிருக்கலாம், திருப்பவில்லை. குருகு தன் வேலையைப் பார்த்தது. நம் நரியும் தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நண்டைப் பார்த்த கண்ணை மானைப் பார்க்கும் கண்ணாக மாற்றிவிட்டது நான் விட்ட நான்கு விரற்கடை.

புகைப்படக் கருவி வந்த பின் விலங்குகள் வரிசையாக நின்ற வரலாற்றை மைபிரிட்ஜிடமிருந்து தொடங்குவது வழக்கம். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழுமா என்னும் வினாவுக்கு விடை காண, கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் 1878 சூன் மாதத்தில் அவர் ஓட்டப்பாதையின் ஓரமாகப் பன்னிரண்டு கருவிகளை நிறுத்தினார். குதிரை ஓடிய ஓட்டத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. நான்கு கால்களும் எழுவது உண்மை என மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் 'சாலி கார்ட்னர்' என்னும் அக்குதிரையின் புகழ்பெற்ற படத்தாளை உற்றுநோக்கினால், கடைசிக் கட்டத்தில் குதிரை ஓடவில்லை, நிற்கிறது. ஓட்டத்தில் எடுத்தவற்றோடு நின்ற படம் ஒன்றையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார்கள். 1887இல் 781 தகடுகளாக வெளிவந்த அவரது 'விலங்கின் அசைவு' நூலில் பிலடெல்பியா விலங்குக் காட்சிசாலையின் உயிர்களும் இடம்பெற்றன. தொடர்ச்சியாகக் காட்டப்பட்ட தகடுகள் பலவற்றில் இடையிடையே படங்கள் விடுபட்டும் வரிசை மாறியும் இருப்பதை மார்த்தா பிரவுன் என்னும் ஆய்வாளர் பின்னாளில் எடுத்துக்காட்டினார். அறிவியலின் பெயரால் அடுக்கிய படங்களிலும் அழகின் கை புகுந்திருந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதல் ஏற்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிரான்சில் மாரே என்னும் உடலியல் அறிஞர் வேறு வழியை நாடினார். 1882இல் அவர் அமைத்த கருவி துப்பாக்கியின் வடிவினது. தோளில் சார்த்திக் குறிபார்த்து விசையை அழுத்தினால், ஒரு வினாடியில் பன்னிரண்டு படங்கள் பதியும். பறவை விழாது, பறந்துகொண்டே இருக்கும். பின்னர் அவர், அசைவின் படிகள் யாவையும் ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும் முறையையும் வளர்த்தார். அளவெடுக்க வந்த அவருக்கு இடைவெளி தடையாயிற்று. பார்ப்பவர் கற்பனை நுழையச் சந்து வைக்காத படங்கள் அவை. கவிதைக்கு உதவாதவை என்று முன்னர் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

காட்டுக்குள் இரவில் விளக்கொளி பாய்ச்சி விலங்குகளைப் படமெடுத்த சைராஸ் என்னும் அமெரிக்கரின் 74 படங்களை 1906 சூலையில் 'நேஷனல் ஜியாகிரபிக்' ஒருசேர வெளியிட்டது. அறிவுசார்ந்த இதழைப் படப்புத்தகமாக்கிவிட்டார்கள் என்று சினந்து நிர்வாகக் குழுவினர் இருவர் பதவி துறந்தனராம். இந்தியாவில் வன அலுவலராகப் பணிபுரிந்த சாம்பியன், புலி தன் காலாலேயே கம்பியை இடறிப் படத்தைப் பதிவித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தார். அவரது நூல் 1927இல் வெளிவந்தது. படமெடுப்பவரே இல்லாத படம்! புலி தானே கையெழுத்திட்ட சான்று என்று அதனைச் சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் அதனைப் பக்கத்தில் எங்கே வைப்பது, அருகில் எதனை வைப்பது என்று முடிவு செய்ய மனிதன் வந்தே தீரவேண்டியிருந்தது.

அவ்விடத்தில்தான் ஓவியர் பிரான்சிஸ் பேகன் என் கவனத்தை ஈர்த்தார். 1944இல் தீட்டப்பெற்ற அவரது மூன்று உருவங்களின் முப்பலகை இன்று இலண்டன் டேட் காட்சிக்கூடத்தில் உள்ளது. மைபிரிட்ஜின் தகடுகளை அவர் வாழ்நாள் முழுதும் புரட்டினார். ஆப்பிரிக்கக் காட்டில் காண்டாமிருகத்தையும் யானையையும் நெருங்கிப் படமெடுத்த மாரியஸ் மாக்ஸ்வெல்லின் 1924ஆம் ஆண்டு நூலும் அவருக்கு ஊற்றாயிற்று. கானுயிர்ப் புகைப்படம் முப்பலகையை வந்தடைந்த வழிகளுள் இதுவும் ஒன்று, ஓவியத்தின் வழியாகச் சுற்றிவந்த வழி. பேகன் தம் மூன்று ஓவியங்களையும் தனித்தனிச் சட்டங்களில் இட்டார். ஏன் என்று கேட்டபோது, ஒன்றோடொன்று கதையாக இணைந்துவிடாமல் தடுக்கவே அவ்வாறு செய்வதாக நேர்காணல்களில் விளக்கினார். நான் இடைவெளி விட்டால் கதை பிறக்கும் என்று கருதினேன். அவர் இடைவெளி விட்டால் கதை அறுபடும் என்று கருதினார். அவர் படங்களில் விலங்கின் வாயும் மனிதனின் வாயும் பிரித்தறிய இயலாதபடி கூவுகின்றன. மூன்றுக்கும் முன்பின் கிடையாது. அங்கே கதை அறுபட்டதற்குக் காரணம் சட்டம் மட்டும்தானா என்பது ஐயமே. புல்வெளி, நரி, மான் என்று நமக்குப் பழகிய உருவங்களை மாட்டினால் எத்தனைச் சட்டம் இட்டாலும் கதை சந்து கண்டு நுழையும். ஏனெனில் இடைவெளியை நிரப்பும் பொருளைப் பார்ப்பவர் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். நரி என்றதும் பஞ்சதந்திரம் வருகிறது. திருவிளையாடலில் பரியாகிப் பின் மீண்டும் நரியாகி ஊளையிட்ட கூட்டம் வருகிறது. பாட்டி வடை சுட்ட கதையும் வந்துவிடுகிறது. நண்டு வருவதே இல்லை.

தமிழ்நாட்டில் இத்துறையைப் பற்றி எழுதுவோர் மா. கிருஷ்ணனைக் கடந்து போகமுடியாது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் தம் இறுதிநாள் வரை இயற்கைப் பத்தி எழுதினார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வளர்ப்பு யானையின் முதுகிலமர்ந்து காட்டுயானைகளை நெருங்கியவர். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்திச் செய்துகொண்ட கருவிக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என வேடிக்கையாகப் பெயர் சூட்டியவர். கறுப்பு வெள்ளையை விட்டு அகலாதவர். அவர் தமிழில் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கினார். நம் வட்டத்துக் கவிஞர்கள் தவறாது பயில வேண்டிய தமிழ் அது.

கிருஷ்ணனின் புகைப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும் ஒன்றை இங்கே சொல்கிறேன். விலங்கை மட்டும் பெயர்த்தெடுத்து முகத்தை நிரப்பிக் காட்டும் ஆசை அவற்றில் குறைவு. மரமும் புல்லும் நீரும், அவ்வேளையின் ஒளியும் உடன் வந்துவிடுகின்றன. முதலும் கருவும் ஒரே சட்டத்துள் அமைந்த படங்கள். அவற்றோடு எழுத்தும் இருக்கும்: எங்கே, எப்போது, விலங்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று. இந்த எழுத்து படத்தின் அடிக்குறிப்பு என நினைப்பது பேதைமை. அதுவும் ஒரு பலகை. என் மாணவர் தம் படங்களின் பின்புறத்தில் பென்சிலால் நாளும் இடமும் எழுதியே தந்திருந்தார். அவற்றைச் சுவரை நோக்கித் திருப்பி மாட்டியவளும் நானேதான்.

அண்மைக் காலத்தில், போட்டிகளுக்கு அனுப்பும் இயற்கைப் படங்களுக்கென அமெரிக்கப் புகைப்படச் சங்கமும், பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பும், பிரிட்டனின் அரச புகைப்படச் சங்கமும் கூடி ஒரு பொது வரையறை வகுத்தன. 2015 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஓரத்தை வெட்டிச் சுருக்கலாமே ஒழிய, படத்துள் இல்லாததைச் சேர்ப்பதும், இருப்பதை நீக்குவதும், இடம் மாற்றுவதும் கூடாதென்பது அதன் சாரம். கணினியில் நிலவை வானில் ஒட்டுவது எளிதாகிவிட்ட நாளில் இத்தகைய கண்டிப்பு வேண்டியதே. என் மாணவரின் மூன்று படங்களும் அவ்வரையறையில் தேறும். ஒரு புல்லைக்கூட அவர் நீக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று பொய்யற்ற மூன்று படங்கள் சேர்ந்து ஒரு பொய்யைச் சொன்னதே நம் அரங்கில் நிகழ்ந்தது. சட்டத்துக்குள் நடக்கும் திருட்டைப் பிடிக்க விதி உண்டு. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே நடப்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

'நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காதிருந்தால் சரி' என்பது பழமொழி. நரியின் நோக்கில் இதனை மாற்றிச் சொல்லலாம் போலும். அதனை இடத்தில் மாட்டினால் அது காத்திருக்கிறது. நடுவில் மாட்டினால் கொல்கிறது. வலத்தில் மாட்டினால் தின்றுவிட்டுப் போகிறது. எதிர்வழக்காட அதற்கு வாயில்லை. கோடிக்கரையின் நரி, வெளிமானின் குட்டியைத் தூக்குவதும் உண்மையே. அதனை மறுத்து நரிக்குப் பட்டம் சூட்ட இங்கே முற்படவில்லை. அன்று, அந்தப் படத்தில், அது செய்யாத ஒன்றை அதன்மேல் ஏற்றினோம் என்பதே வழக்கு. இவ்வூரின் முதற்பெருங் கவிஞரான காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டுச் சுடலையைப் பாடும்போது கள்ளியும் நரியும் கூகையும் பேயும் சூழ இறைவன் ஆடுவதைக் காண்கிறார். அங்கே நரி எவர்க்கும் குறியீடன்று. நரியாகவே இருந்து, பிணத்தை இழுத்துத் திரிந்து, ஆடலுக்கு உடனிருக்கிறது. தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டவருக்கு நரியின்மேல் பழி சுமத்தும் தேவை எழவில்லை போலும். அவர் பிறந்த ஊரில் கூடிய நாம், ஒரு மாலைப் பொழுதில் ஏழு பாட்டு எழுதி அந்த நரியைத் தூக்கிலிட்டோம். அவ்வெழுவருள் இருவர் தம் கவிதைகளைப் பின்னர்த் திரும்பப் பெற்றுக்கொண்டனர். ஒருவர் தம் கவிதை நல்ல கவிதை, நரிதான் தவறான நரி என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டென்று இன்று எண்ணுகிறேன்.

2022ஆம் ஆண்டு விழாவில் அம்மூன்று படங்களையும் மீண்டும் மாட்டினோம். இம்முறை வரிசையை மாணவரே வகுத்தார். நடுவில் வெறும் புல்வெளி, இடப்பக்கம் நரி, வலப்பக்கம் மான். நான்கு விரற்கடைக்கு மாறாக, முழம் முழமாக இடைவெளி விட்டார். ஒவ்வொன்றின் கீழும் மாதமும் ஆண்டும் இடமும் எழுதி ஒட்டினார். நடுப்படத்தின் கீழே, 'புயலுக்குப் பின்' என்னும் ஒரு தொடர் கூடுதலாக இருந்தது. அதனையும் எழுத வேண்டுமா என்று அவர் தயங்கினார்; எழுதும்படி நான் வற்புறுத்தினேன். உள்ளுறைக்கு அது ஊறு செய்கிறது எனக் கவிஞர் சிலர் கடிந்துகொண்டனர். இருக்கலாம். எனினும் அவ்வாண்டு படங்களின் முன்னே வந்து நின்றவர்கள் நடுப்படத்தில்தான் நெடுநேரம் நின்றார்கள். சாய்ந்த மரம் ஒன்றின் வேர் புல்வெளியின் ஓரத்தில் தெரிவதைப் பலர் அன்றுதான் கண்டார்கள். நானும் அன்றுதான் கண்டேன்.

நம் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர், 2019இல் நரியைக் கடுமையாகச் சாடிப் பாடியவர், கைத்தடியை ஊன்றியபடி மூன்று படங்களையும் இருமுறை சுற்றி வந்தார். பின் மாணவரை அருகே அழைத்து, "அது இருக்கட்டும் தம்பி, அந்த மான் இப்போது இருக்கிறதா?" என்று கேட்டார்.

"புயலுக்குப் பிறகு பல தடவை போய்ப் பார்த்தேன் ஐயா. அந்தக் கொம்புள்ள மானை நான் பார்க்கவில்லை" என்றார் மாணவர். சற்றுப் பொறுத்து, "அந்த நரியையும் பார்க்கவில்லை" என்றார்.